கள்ளாட்டத்துள் ஒளிந்த கள்வன்

ஆட்டம் உள்ள இடமெல்லாம் கள்ளாட்டமும் உண்டு. திண்ணையில் தாயம் உருட்டும் பாட்டியரும், தெருவில் கோலி ஆடும் சிறுவரும் இதனை நன்கு அறிவர். காயை ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்துதலும், பல்லாங்குழியில் ஒரு முத்தை உள்ளங்கையில் மறைத்தலும், தோற்கும் தறுவாயில் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு அழுதலும் நம் நாட்டில் நெடுங்காலமாக நடப்பனவே. 'அழுகுணி ஆட்டம்' என்று பெயரிட்டுச் சிரித்து மறந்துவிடுவது நம் பெரியோர் வழக்கம். ஆயின், இக்காலத்து இளைஞர் கதவைச் சாத்திக்கொண்டு கணிப்பொறியில் ஆடும் ஆட்டங்களில் புகுந்துள்ள கள்ளாட்டம் அவ்வாறு சிரித்து மறக்கத்தக்கதன்று. பிறரை ஏமாற்றுவதற்கென்று ஒருவன் கொணர்ந்த கருவியே அவனையும் அவன் வீட்டாரையும் கொள்ளையிடக் காண்கின்றோம். அதனை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்தபின் எவ்வாறு களைவது என்பவற்றை, என் குடும்பத்தளவில் யான் கண்டவற்றோடு சேர்த்து ஈண்டு எழுதத் துணிந்தேன். யான் நம் கல்லூரியில் பயின்று வெளியேறி, ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகளைப் பேணும் தொழிலில் இருப்பவன். இலக்கியச் சுவை மிக்க கட்டுரைகளுக்கிடையே இது சற்றுக் கரடுமுரடாகத் தோன்றுமாயின் அன்பர்கள் பொறுத்தருள்க.

கணிப்பொறி ஆட்டத்தில் கள்ளவழி என்பது தொடக்கத்தில் தீயதாக இருந்ததில்லை. 1986-ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டுக் கொனாமி நிறுவனத்தில் 'கிரேடியஸ்' என்னும் ஆட்டத்தை வீட்டில் ஆடும் பெட்டிக்கு ஏற்ப மாற்றியமைத்த கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்பவர், அவ்வாட்டம் தமக்கே வெல்லுதற்கு அரிதாயிருத்தலைக் கண்டு, சோதனைக்காக ஒரு மறைகுறிப்பை அதனுள் வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை முறையே அழுத்தினால் வேண்டிய ஆயுதங்களெல்லாம் வந்து சேரும். அது நீக்கப்படாமலே ஆட்டம் கடைக்கு வந்துவிட்டது. உலகெங்கும் உள்ள சிறுவர் அதனை வாய்பாடு போல மனப்பாடம் செய்தனர். அக்கள்ளவழியை வைத்தவர் ஆட்டத்தை ஆக்கியவரே. வெளியிலிருந்து கொணரவேண்டிய பொருள் யாதும் இல்லை. எதிரே நின்று தோற்பதும் இயந்திரமே. ஆகவே அதனால் ஒருவர்க்கும் கேடில்லை.

இணையம் வந்தபின் நிலைமை மாறிற்று. எதிரே நின்று ஆடுவது இயந்திரமன்று. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் மற்றொரு மனிதன். அவனை வஞ்சித்து வெல்வதற்கு ஆட்டத்துள்ளே மறைகுறிப்பு இல்லாமையால், வெளியிலிருந்து ஒரு நிரல் கொணரப்படுகின்றது. இளைஞர் இதனைச் 'சீட்' என்றும் 'ஹேக்' என்றும் வழங்குவர். சுடும் ஆட்டங்களில் துப்பாக்கி தானே எதிரியைக் குறிபார்க்கும்படி செய்வது ஒருவகை; அதற்கு 'எய்ம்பாட்' என்று பெயர். சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்பவனைக் காட்டுவது மற்றொரு வகை, அது 'வால்ஹேக்'. இவை இயங்கும் விதத்தை அறிந்தாலன்றி இனிக் கூறப்போவது விளங்காது. ஆட்டம் நடக்கையில், எதிரி நிற்கும் இடம், அவனுக்கு எஞ்சியுள்ள உயிர், துப்பாக்கியில் எஞ்சியுள்ள குண்டு ஆகிய யாவும் வெறும் எண்களாகக் கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கும். கள்ளாட்டக் கருவி அந்நினைவகத்துள் நுழைந்து அவ்வெண்களைப் படிக்கும், சிலபோது திருத்தும், தன் பகுதியொன்றை ஆட்டத்தின் உள்ளேயே செருகுவதும் உண்டு. அயல்வீட்டுச் சாளரம் வழியே புகுந்து அவர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு இது நிகர்.

இனி, ஆன்டி வைரஸ் என்னும் காவலனை நினைத்துப் பாருங்கள். ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்துள் புகுதலைக் கண்டால் அவன் கூவாமல் என் செய்வான்? தீங்கு செய்தற்கென்றே எழுதப்பட்ட நிரல்களை 'மால்வேர்' என்பர். யான் தீநிரல் என்று எழுதுவேன். தீநிரல்களும் இதே செயலைச் செய்வனவே. ஆகையால், வேறு வஞ்சம் யாதும் உள்ளே இல்லாத கள்ளாட்டக் கருவியையும் அவன் தடுத்துவிடுவான். அதனைப் பரப்புவோர், "இஃது ஆன்டி வைரஸின் பொய்க் கூச்சல், கருவியை இயக்குமுன் அதனை அணைத்துவிடுக" என்று எழுதிவைப்பர். அவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவ்வுண்மையே கள்வர்க்குப் போர்வையாயிற்று. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 'கால் ஆஃப் டியூட்டி' என்னும் போர் ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கள்ளாட்டக் கருவி என்ற பெயரால் தீநிரல் பரப்பும் முறையைக் கள்வர் தமக்குள் பாடம்போல் எழுதிக் கற்பித்தமையை அதில் எடுத்துக் காட்டினர். பிறர் கணிப்பொறியில் புகவேண்டுமாயின் அதன் காப்பிலுள்ள ஓட்டையைத் தேடி அலையவேண்டும். கள்ளாட்டம் விரும்புவோனிடத்தில் அவ்வுழைப்பு வேண்டா. காவலை அணைப்பதும், ஃபயர்வாலை நீக்குவதும், அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் முழு உரிமையை அளிப்பதும் அவன் வழக்கமாகத் தன் கையாலேயே செய்வனவாம்.

சகுனியைப் பற்றி நம் ஊர்ப்புறங்களில் வழங்கும் ஒரு கதை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. துரியோதனன் அவன் தந்தையையும் உடன்பிறந்தாரையும் சிறையிலிட்டுப் பட்டினியால் மாளச் செய்தானென்றும், தந்தையின் எலும்பால் பகடை செய்துகொண்ட சகுனி, நண்பன் போல உடனிருந்து சூதில் வென்று கொடுத்தே துரியோதனன் குலத்தை வேரறுத்தானென்றும் கூறுவர். வியாசர் பாரதத்தில் இது காணப்படாது. பாட்டிமார் பாரதத்தில் உண்டு. கேட்ட எண்ணெல்லாம் விழும் பகடையை ஒருவன் விலையின்றித் தருவதேன் என்று துரியோதனன் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தானில்லை.

மேனாட்டு நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறுவேன். 2018-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ஆட்டங்களை இணையவழியே ஓடச்செய்யும் ரெயின்வே என்னும் நிறுவனத்தார்க்குத் தம் பயனாளரிடமிருந்து இலட்சக்கணக்கான பிழைச் செய்திகள் திடீரென வந்து குவிந்தன. தாம் வைக்காத விளம்பரங்கள் தம் பக்கங்களில் புக முயல்வதை அவர்கள் கண்டனர். அப்பயனாளர்க்குப் பொதுவாக இருந்தது 'ஃபோர்ட்நைட்' என்னும் ஆட்டமே. உடனே அவ்வாட்டத்துக்கென்று இணையத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான கள்ளக் கருவிகளைத் தருவித்து ஆராய்ந்து, அவற்றுள் குற்றவாளியைப் பிடித்தனர். இலவச நாணயமும் எய்ம்பாட்டும் தருவதாகச் சொன்ன அக்கருவி, விண்டோஸில் போலிச் சான்றிதழ் ஒன்றைப் பதித்து, இணையப் போக்குவரத்து முழுவதையும் தன் வழியே திருப்பிக்கொண்டிருந்தது. அஞ்சற்காரனுக்கும் வீட்டுக்கும் இடையே ஒருவன் நின்று, முத்திரையிட்ட உறைகளைப் பிரித்துப் படித்து, அதே முத்திரையை மீண்டும் இட்டு அனுப்புவது போன்றது அது. அக்கருவி அதற்குள் 78,000 தடவை இறக்கப்பட்டுவிட்டது. இங்கு நோக்கத்தக்கது ஒன்று: கருவியின் கோப்பை அழித்தவுடன் பதித்த சான்றிதழும் திருப்பிய வழியும் தாமே மறைந்துவிடா. சான்றிதழ்ப் பட்டியலையும் 'பிராக்ஸி' அமைப்பையும் தனியே திறந்து பார்த்து நீக்கவேண்டும்.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதே ஆட்டத்தின் எய்ம்பாட் என்ற பெயரால் 'சிர்க்' என்னும் தீநிரல் உலவிற்று. அது கோப்புக்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். கொடாவிடில் இரண்டு மணிக்கொருமுறை படங்கள் இருக்கும் இடம், முகப்பு, ஆவணங்கள் இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாய் அழிக்கத் தலைப்படும். அதனை ஆராய்ந்த சைரென் என்னும் நிறுவனத்தார், பூட்டைத் திறக்கும் கருவியும் கடவுச்சொல்லும் அதே கணிப்பொறியில் விடப்பட்டிருத்தலைக் கண்டறிந்தனர். கள்வன் சாவியை வாசற்படியிலேயே வைத்துச் சென்றான் போலும்! எல்லாக் கள்வரும் இத்துணை மறதியுடையரல்லர். ஆயினும், பூட்டப்பட்ட கணிப்பொறியைப் பதற்றத்தால் உடனே முற்றும் துடைத்துவிடாமல், அறிந்தவரிடம் ஒருமுறை காட்டுதல் நலம் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி என் குடும்பத்து நிகழ்ச்சிக்கு வருகின்றேன். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மார்கழி பிறந்து மூன்றாம் நாள். பாளையங்கோட்டையில் வசிக்கும் என் தமக்கையார், சிறு வணிகர் ஒன்பதின்மர்க்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தந்து, அவ்வூதியங் கொண்டு குடும்பத்தை நடத்துபவர். வீட்டில் உள்ளது ஒரே கணிப்பொறி. பகலில் அதில் அவர் கணக்கெழுதுவார். இரவில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவர் மகன் ஆடுவான். தமக்கையார்க்குக் கோலத்தில் பெருவிருப்பம் உண்டு. தாம் இடும் புள்ளிக் கோலங்களைப் படமெடுத்துக் காணொளித் தளமொன்றில் ஏற்றி வந்தார். அன்று காலை அவர் தோழியொருத்தி தொலைபேசியில் அழைத்து, "உன் கோலப் பக்கத்தில் ஒரே துப்பாக்கியாய் இருக்கிறதே, என்ன சங்கதி?" என்று வினவினாளாம். பார்த்தபோது, இழைக்கோலத்துக்கு மேலே அவர் ஏற்றாத படம் ஒன்று, ஏதோ ஓர் ஆட்டத்தில் எளிதில் வெல்வதற்குரிய கருவி இலவசம் என்று அயல்மொழியில் கூவிக்கொண்டிருந்தது.

தமக்கையார் என்னை அழைத்து, "தம்பி, யாரோ என் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். அரைமணிக்குள் இன்னொரு படம் ஏறிவிட்டது" என்றார். எதில் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அதே கணிப்பொறியில் என்றார். கள்வன் நிற்கும் அறையிலேயே புதிய பூட்டின் சாவியை எடுத்துக் காட்டியது போலாயிற்று. "அக்கா, இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். நான் வரும்வரை அதில் ஒன்றையும் தொடவேண்டாம்" என்று கூறிவிட்டு, என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அன்று மாலையே சென்றேன். மூன்று நாளாக, யாதொரு வேலையும் செய்யாதபோதே கணிப்பொறியின் விசிறி ஆலைபோல் இரைந்ததென்று அவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து, 20-ஆம் தேதியன்று, ஒன்பதின்மர்க்கும் வரி விவரம் செலுத்தியாகவேண்டும். அவர்களுடைய கடவுச்சொற்கள் யாவும் அக்கணிப்பொறியிலேயே, உலாவியின் நினைவில் சேமிக்கப்பட்டிருந்தன.

மருமகன் அலமாரிக்கருகில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகமே பாதி கூறிவிட்டது. ஆயினும், எந்நாள், எவ்விடத்திலிருந்து, எக்கோப்பு, அதன்பின் அதில் யார் யார் எவ்வெக் கணக்கைத் திறந்தனர் என்பன தெரிந்தாலன்றித் திருட்டின் எல்லையை அறியவியலாது. தமக்கையார் கடிந்துகொள்ளத் தொடங்கினார். அவன் வாய் மேலும் இறுகிற்று. இத்தொழிலில் பல ஆண்டு இருந்து யான் அறிந்த ஒன்றுண்டு: தீநிரலைத் தேடும் கருவிகளுள் முதன்மையானது, அஞ்சி நிற்கும் ஒருவன் வாயைத் திறப்பிக்கும் இன்சொல்லே. "அக்கா, ஒரு காப்பி போட்டுத் தாருங்கள்" என்று அவரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, "டேய், உன்னைத் திட்ட நான் வரவில்லை. நாளும் கோப்பும் தெரிந்தால் எனக்குப் பாதி வேலை குறையும்" என்றேன். நெடுநேரம் சும்மா இருந்தபின் அவன் சொன்னான்: "மாமா, அது ஓடவே இல்லை. உடனே அழித்துவிட்டேன்."

'ஓடவே இல்லை' என்னும் இச்சொல்லை யான் பின்னரும் பலரிடம் கேட்டிருக்கின்றேன். வாக்களித்த கருவி தோன்றவில்லை. கருஞ்சாளரம் ஒன்று இமைப்பொழுது மின்னி மறைந்தது, அல்லது ஏதோ கோப்புக் குறைகிறதென்று பிழைச் செய்தி வந்தது. ஆடவந்தவன் ஏமாற்றமடைந்து கோப்பை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடப் போகின்றான். தீநிரலோ அவ்விமைப்பொழுதில் தன் பணியைத் தொடங்கிவிட்டது. அந்த ஒன்றும் நிகழாமையே முதற்குறி. மருமகன் கூறிய பிறவும் அதற்கு ஒத்தே இருந்தன. காணொளியின் கீழே இறக்குமிடம் தரப்பட்டிருந்தது. சுருக்கிய கோப்புக்குக் கடவுச்சொல்லும் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. பூட்டிய கோப்பினுள்ளே காவலன் எட்டிப் பார்க்கவியலாது என்பதற்காகவே அப்பூட்டு. அன்றி, ஊரறியக் கடவுச்சொல்லை எழுதிவைத்தபின் பூட்டு எதற்கு? ஆன்டி வைரஸை அணைக்கும்படி எழுதியிருந்தது, அணைத்தான். விசிறி இரையத் தொடங்கிய அன்றே அவனுக்கு ஐயம் பிறந்துவிட்டது. சொன்னால் ஆட்டமே போய்விடும் என்றஞ்சி மூன்று நாள் வாளா இருந்தான். இவ்வச்சத்தையும் கள்வர் தம் கணக்கில் வரவு வைத்திருக்கின்றனர் என்பது என் துணிபு. கள்ளாட்டம் ஆடப்போய்க் களவு கொடுத்தேன் என்று எவன் முறையிட வருவான்? பிள்ளைகள் தவறு செய்தபோது முதலில் கையை ஓங்கும் வீடுகளில் தீநிரல் நெடுநாள் வாழும்.

அவன் சொல்லி முடித்தவுடன், அவ்வாண்டு செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் விவரித்திருந்த தீநிரல் மூட்டை ஒன்று என் நினைவுக்கு வந்தது. அதில் மூன்று சரக்குகள் இருந்தன. ஒன்று, 'ரெட்லைன்' என்னும் திருடி. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கீகள், வங்கி அட்டை எண்கள் ஆகியவற்றைத் திரட்டி அனுப்பிவிடும். மற்றொன்று, பிறர் மின்சாரத்தில் தன் எசமானனுக்குக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். விசிறி இரைவது இதனாலே. மூன்றாவதே விந்தையானது: வஞ்சிக்கப்பட்டவனுடைய காணொளிப் பக்கத்திலேயே அக்கருவியின் விளம்பரத்தை ஏற்றிவிடும். நோய்கொண்டவன் தானறியாமலே நோயை விற்கும் வணிகனாகின்றான். எங்களிடம் வந்தது அதுவோ, அதன் தம்பியோ. ரெட்லைனின் சேவையகங்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸார் அமெரிக்கர் முதலிய பிற நாட்டாரோடு சேர்ந்து கைப்பற்றினர். ஆயினும் அதே ஆண்டு ஏப்ரலில் மக்காஃபி நிறுவனத்தார் எடுத்துக்காட்டிய 'சீட் லேப்' என்னும் போலிக் கருவி, நண்பன் ஒருவனையும் நிறுவச் செய்தால் முழுக்கருவியும் இலவசம் என்று கூறிற்று. 2025 மார்ச்சில் 'ஆர்கேன்' என்னும் மற்றொரு திருடி இதே காணொளி வழியே வந்தது. பெயர் மாறும், வாசல் மாறுவதில்லை.

எங்கள் கணிப்பொறியைத் திறந்து, முதலில் ஆன்டி வைரஸின் விலக்குப் பட்டியலைப் பார்த்தேன். காவலன் தேடக்கூடாத இடங்களைக் குறிக்கும் பட்டியல் அது. பலர் வீட்டில் வெறுமையாக இருக்கும். இங்கே 'சி' பகுதி முழுவதும் எழுதப்பட்டிருந்தது. மருமகன் காவலைச் சில நிமிடங்களே அணைத்தான். பின்னர் மீண்டும் இயக்கியும் விட்டான். அவ்விடைவெளியில் புகுந்தது தன் வீட்டையே விலக்குப் பட்டியலில் எழுதிக்கொண்டது. காவலன் வாயிலில் நின்றான். கண் கட்டப்பட்டு நின்றான். அடுத்து, மார்க் ரஸினோவிச் என்னும் அறிஞர் ஆக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்னும் கருவியைக் கொண்டு, கணிப்பொறி எழும்போதே உடன் எழுவன யாவை என்று நோக்கினேன். குறித்த நேரத்தில் தானே இயங்கும் பணிகளுள் ஒன்று விண்டோஸின் சொந்தப் பணியாளன் போலப் பெயர் பூண்டிருந்தது; அதன் இருப்பிடமோ பயனாளரின் 'ஆப்டேட்டா' அடைவில் ஓர் உள்மூலை. அரண்மனைச் சேவகன் என்பவன் மாட்டுத்தொழுவத்தில் குடியிருந்தால் ஐயுறவேண்டாவோ? பெயரை எவனும் பூணலாம். இருப்பிடத்தையும் கையொப்பத்தையும் பார்க்கவேண்டும்.

மருமகன் அழித்ததாகச் சொன்ன கோப்பு குப்பைத் தொட்டியிலேயே கிடந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற 64 எழுத்துள்ள குறியீடொன்றைக் கணக்கிடலாம். அதற்கு 'ஹேஷ்' என்று பெயர். அதனை 2004-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மாலகா நகரில் தோன்றி, 2012-இல் கூகுளைச் சார்ந்த 'வைரஸ் டோட்டல்' என்னும் தளத்தில் என் மடிக்கணினி வழியே தேடினேன். பல ஆன்டி வைரஸ்கள் ஒரு கோப்பைப் பற்றிக் கூறுவதை அங்கே ஒருங்கே காணலாம். அதனைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. சில காவலர் 'ஹேக்டூல்' என்று மட்டும் கூறின், அது வெறுங் கள்ளாட்டக் கருவியாகவும் இருக்கலாம். 'ஸ்டீலர்', 'மைனர்' என்னும் சொற்களைப் பலர் கூறின் ஐயத்துக்கு இடமில்லை. ஒருவரும் ஒன்றும் கூறாவிடினோ, அது நற்சான்று ஆகாது; நேற்றுப் பிறந்த தீநிரலை இன்று அறிந்தவர் இரார். எங்கள் கோப்பை 'ஸ்டீலர்' என்றவர் பலர்.

கண்டறிதல் ஒரு மணியில் முடிந்தது. களைதல் இரண்டு நாள் கொண்டது. பலரும் கணிப்பொறியைத் துடைப்பதே முதல் வேலை என்று கருதுவர். அன்று. துடைப்பதற்குள் திருடிய சாவிகள் எங்கோ விலைபோய்க் கொண்டிருக்கும். ஆகவே என் மடிக்கணினியில் தமக்கையாரின் மின்னஞ்சற் கணக்கை முதலில் திறந்து கடவுச்சொல்லை மாற்றினேன். ஏனைய கணக்குகளுக்கெல்லாம் தாய்ச்சாவி அதுவே. அத்துடன் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்னும் பொத்தானையும் அழுத்தினேன். இதன் காரணத்தை மாணவர் அறிதல் நன்று. கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்து உள்ளே சென்றவுடன், அடுத்தடுத்துக் கேளாதிருத்தற்காகத் தளம் நம் உலாவியிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவைக்கும், அதுவே குக்கீ. விடுதி வாயிலோன் தரும் சீட்டைப் போன்றது அது. சீட்டைக் காட்டுபவனை வாயிலோன் பெயர் கேளான். அச்சீட்டைக் களவாடியவனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டா. கைப்பேசிக்கு வரும் இரண்டாம் எண்ணும் வேண்டா. பழஞ்சீட்டுக்களையெல்லாம் செல்லாதனவாக்குதல் இன்றியமையாதது. பின்னர், கணக்கை மீட்கும் கைப்பேசி எண்ணைக் கள்வன் மாற்றியிருக்கின்றானா, வரும் கடிதங்களைத் தனக்கும் படியெடுத்து அனுப்பும்படி அமைத்திருக்கின்றானா என்று பார்த்தேன், நல்லவேளையாக இல்லை. வங்கிக் கணக்கிலும் காசு குறையவில்லை. குறைந்திருப்பின், அக்கணமே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து முறையிடுதல் நம் நாட்டில் உள்ள வழி.

மறுநாள் கணிப்பொறியைக் கவனித்தேன். அப்பணியை நீக்கி, அடைவை அழித்து, விலக்குப் பட்டியலை வெறுமையாக்கி, விண்டோஸ் எழுமுன்பே தேடும் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை நடத்தினாலும் பெரும்பாலும் போதும் என்பார் உளர். யான் அவ்வாறு விடவில்லை. முழு உரிமை பெற்று மூன்று நாள் உள்ளே இருந்தவன் எந்தெந்தச் சுவரில் துளையிட்டான் என்று எவர் உறுதி கூறவல்லார்? பிறர் கணக்குப் புத்தகம் இருக்கும் வீடு அது. கணக்குக் கோப்புக்களையும் கோலப் படங்களையும் மட்டும் தனியே படியெடுத்து, இயங்கும் நிரல் எதனையும் எடாமல், என் மடிக்கணினியில் ஆயத்தஞ்செய்த பென் டிரைவ் கொண்டு வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். மருமகனுக்கென்று அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில்லாத தனிக்கணக்கொன்றும் திறந்தேன். ஆட்டத்தை நீக்கவேண்டும் என்றார் தமக்கையார், வேண்டா என்றேன். நீக்கியிருந்தால், அவன் ஆடுவதற்கு நண்பன் வீட்டுக் கணிப்பொறியைத் தேடிச் சென்றிருப்பான். அடுத்தமுறை நமக்குச் சொல்லவும் மாட்டான்.

எல்லாவற்றிலும் கடினமானது வணிகர்க்கு உண்மையைச் சொல்வது. ஓசையின்றிக் கடவுச்சொற்களை மாற்றிவிடலாமே என்று தமக்கையார்க்கு முதலில் தோன்றிற்று. ஆயின், மாற்றுவதற்கு அவரவர் கைப்பேசிக்கு வரும் எண் வேண்டும். அதனைக் கேட்கும்போது காரணத்தை மறைத்தல் அவர் இயல்புக்கு ஒவ்வவில்லை. 19-ஆம் தேதி காலைமுதல் ஒவ்வொருவராக அழைத்தார். நடந்தது இது, என் வீட்டில்தான் நடந்தது, உங்கள் கடவுச்சொல் வெளியே போயிருக்கலாம் என்று ஒன்பது முறை அதே சொற்களைச் சொன்னார். மருமகன் அருகிலிருந்து வந்த எண்களை என் மடிக்கணினியில் பதிந்துகொடுத்தான். அரிசிக் கடைக்காரர் கடுஞ்சொல் கூறினார். இருவர் அம்மாத இறுதியில் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டனர். அவ்விழப்பு அக்குடும்பத்துக்குச் சிறிதன்று. எஞ்சியோர் வரி விவரங்கள் உரிய நாளில் சென்று சேர்ந்தன. இறுதியாக அழைக்கப்பட்டவர் முதியவர். இரும்புக் கடை வைத்திருப்பவர். யாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, தம் பேரனும் இரவெல்லாம் அப்படியொரு துப்பாக்கி ஆட்டம் ஆடுவதாகவும், கடைக் கணிப்பொறியின் விசிறியும் சில நாளாக இரைவதாகவும் கூறி, "உங்கள் தம்பி ஊருக்குப் போகுமுன் ஒருநடை இங்கேயும் வந்து பார்ப்பாரா, அம்மா?" என்று கேட்டார்.